எழுத்துக்கு யார் பட்டா கொடுத்தது?

பொறுமையே அணிகலனாக நடுவில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, மோகனூர்க் காவிரிக் கரையின் மூத்த பெருமக்களே, கரும்பு வெட்டிய கையோடு வந்து தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முதியோர் கல்வி மையத்தில் இவ்வாண்டு எழுத்தறிந்த என் தோழியரே, உங்கள் அனைவரையும் இந்தச் சாரதாமணி கைகூப்பி வணங்குகிறேன்.

கல்வியின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். நான் கொட்டை எழுத்தின் சிறுமையைப் பேசப் போகிறேன்.

சுவரொட்டிக்கென்றே மரத்தில் செதுக்கிய எழுத்து அது. கட்டை கட்டையாய், கன்னங்கரேலென்று, ஒவ்வொன்றின் அடியிலும் செங்கல்லை வைத்தாற்போல் சதுரக் கால் ஊன்றி நிற்கும். சாலைக்கு அந்தப் பக்கம் போகும் லாரிக்காரரையும் இழுத்துப் படிக்க வைக்கும். எத்தனை அரிய எழுத்து! அதை வைத்து எதை அச்சிட்டார்கள்? ஊரின் தேவையையா? உயிரின் காவலையா? ஒருவர் பெயரை அச்சிட்டார்கள். மீண்டும் மீண்டும் அந்த ஒருவர் பெயரையே அச்சிட்டார்கள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, எருமப்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவ்வூர்ப் பெரிய மனிதர் சின்னுசாமி. எந்தச் சின்னுசாமி என்று அங்கே ஓர் ஐயா கேட்கிறார். ஊருக்கு ஒருவர் இருக்கிறாரே ஐயா, உங்கள் ஊர்க்காரரையே நினைத்துக்கொள்ளுங்கள், கதை கெடாது.

ஐப்பசி மழையில் பொதுக்கிணற்றில் சாக்கடை கலந்தது. அக்கம்பக்கத்தில் காலரா. மக்களை எச்சரிக்கச் சுவரொட்டி அடிக்கும் பொறுப்பு சின்னுசாமியிடம் வந்தது. அடித்தார். மேலே கும்பிட்ட கையோடு அவர் படம். நடுவே, முழத்துக்கு ஓர் எழுத்தாக அவர் பெயர். அதன் கீழே அவர் வகித்த பதவிகள், வகிக்க விரும்பிய பதவிகள். எல்லாவற்றுக்கும் அடியில், எள்ளைச் சிந்தியதுபோல ஒரு வரி: ‘கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவும்.’

தீபாவளிக்காக மையத்தை மூடி நான் என் ஊருக்குப் போயிருந்தேன். என் மாணவி நல்லம்மாள் கிணற்றடியில் அந்தச் சுவரொட்டியைக் கண்டாள். புதிதாய்ப் படிக்கத் தொடங்கியவள். பக்கத்து வீட்டு ஆராயியைக் கூப்பிட்டு, விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். சின்னுசாமி. படித்துவிட்ட பூரிப்பு இருவருக்கும். எப்போதும் ஒட்டுகிற சுவரொட்டிதான் என்று, குடத்தை நிரப்பிக்கொண்டு வீடு போனார்கள்.

மறுநாள் நல்லம்மாளின் கணவர் நாச்சிமுத்து படுத்தார். ஆராயியும் படுத்தாள். இருவரையும் ஒரே வண்டியில் நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நாச்சிமுத்து பிழைத்தார். ஆராயி வழியிலேயே போய்விட்டாள்.

துக்கம் கேட்கக் கார் ஏறி வந்தார் சின்னுசாமி. “நோட்டீசுல போட்டிருந்தனே ஆத்தா. படிச்சுப் பாக்கறதில்லையா?” என்றார்.

நல்லம்மாள் சொன்னாள்: “படிச்சனுங்க. உங்க பேரு முழுசும் படிச்சனுங்க. தண்ணின்னு அதுல எங்கீங்க இருந்துச்சு?”

அவர் அடுத்த வாரம் சுவரில் பதில் சொன்னார். ஆராயிக்குக் கண்ணீர் அஞ்சலி. அதிலும் முழ நீளத்தில் சின்னுசாமி. செத்தவள் பெயர் அதே எள் அளவில். கேட்கிறேன், இவர் கண்ணிலிருந்து வடிந்தது கண்ணீரா, அச்சு மையா? சிரிக்காதீர்கள் தாய்மார்களே. சேதி கேட்டு ஊரிலிருந்து ஓடி வந்து, அந்தப் பிணத்துக்குத் தலைமாட்டில் அமர்ந்து அழுதவள் நான்.

நல்லம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தெருப் பெண்கள் நால்வரைக் கூட்டிக்கொண்டு நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினாள். நானும் போனேன். அச்சகக்காரர் ரங்கன், நாற்காலியை விட்டு எழாமலே என்ன வேண்டும் என்றார்.

“அந்தக் கொட்டை எழுத்துல ஒரு நோட்டீசு அடிக்கோணுங்க.”

“அது தலைவருக்குன்னு எடுத்து வச்ச எழுத்துங்க அம்மா. வேற எழுத்துல அடிச்சுத் தாரேன்.”

“எழுத்துக்கு அவருக்கு ஆருங்க பட்டா போட்டுக் குடுத்தது?”

ரங்கன் என்னைப் பார்த்தார். நான் நல்லம்மாளைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் எழுத்துப் பெட்டியை இழுத்து வந்தார்.

மூன்றே சொற்கள். ‘தண்ணீரைக் கொதிக்க வை.’ தாள் முழுதும் அதுதான். படமில்லை, பதவியில்லை, கும்பிட்ட கையில்லை. கிணற்றடியில் ஒட்டினார்கள், டீக்கடையில் ஒட்டினார்கள், பேருந்து நிற்கும் புளியமரத்தில் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொன்னாள். வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் ஏறியது. அதன்பின் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரி வண்டி ஏறவில்லை.

சின்னுசாமிக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடிக்கே வந்து கேட்டார்: “ஆரு ஒட்டுனது? பேரே போடலியே?”

“தண்ணி காய வைக்கறதுக்குப் பேரு எதுக்குங்க?” என்றாள் நல்லம்மாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவர் தம் வெள்ளை வேட்டியோடு சேற்றில் நின்றார்.

அவளை இன்று மேடைக்கு அழைத்தேன். வெங்காயம் பிடுங்க ஆள் பற்றாது, வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

எழுத்தறிந்த தோழியரே, இனிச் சுவரில் பெரிதாய் ஒரு பெயரைக் கண்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். குனியுங்கள். அடிவரியைத் தேடுங்கள். அதை ஏன் அடியில் ஒளித்தாய் என்று அந்தப் பெயருக்கு உரியவரின் வாசலில் போய்க் கேளுங்கள். கேட்கத் துணியாத படிப்பு எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கடுமொழி கேட்டும் கலையாதிருந்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வணங்கி அமர்கிறேன்.