பெனிஷா அனுப்பிய தடம்

— மறுபடியும் சொல்றேன் குரு, அந்த ஆப்ப மூடு. ஒரு மணி நேரமா சுத்திச் சுத்தி இதே பாறைக்குத்தான் கூட்டிட்டு வருது.

— ஆப்பு கூட்டிட்டு வரல ஹரீஷ். நாமதான் எங்கயோ திருப்பத்துல தப்பு பண்றோம்.

— மூணு தடவையுமா? வெஸ்லின் குரு, நீ ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறவன். ஒரே பீஸ் மூணு தடவ ரிஜெக்ட் ஆனா என்ன பண்ணுவ?

— மெஷின மாத்தச் சொல்வேன்.

— அப்ப ஆப்ப மாத்து.

— எதுக்கு மாத்தறது? உன் ஆப்புக்கா? தளி வரைக்கும் இடது பக்கம் திரும்பவும், வலது பக்கம் திரும்பவும்னு வாய் ஓயாம பேசுச்சு. ஜவளகிரி தாண்டினதும் மூச்சையே காணோம்.

— சிக்னல் இல்ல குரு, அவ்ளோதான். மேப்ப நேத்தே இறக்கி வெச்சிட்டேன். இந்தா பாரு.

— என்னடா இது, வெள்ளையா கெடக்கு?

— இரு, கொஞ்சம் தள்றேன். இதோ ஆனேக்கல். இதோ கனகபுரா. சந்து பொந்து, டீக்கடை வரைக்கும் இருக்கு!

— அது கர்நாடகா.

— ஆமா.

— நாம நிக்கறது தமிழ்நாட்டுல.

— என் ரூம்ல பார்டருக்கு அந்தாண்ட இருக்கற டவர்தான் எடுக்கும் குரு. நீங்க கர்நாடகால இருக்கீங்க, மேப் வேணுமான்னு கேட்டுச்சு. வேணும்னு அமுக்கிட்டேன். அவ்ளோ மரியாதையா கேக்கறப்ப எப்படி வேணாம்னு சொல்றது?

— மச்சி, மணி பத்து பத்து. பதினோரு மணிக்கு எனக்கு நிச்சயதார்த்தம். உனக்கு அது ஞாபகம் இருக்கா?

— எனக்கு இருக்கு. உனக்கு இருந்திருந்தா உங்கம்மாகூட வேன்ல போயிருப்ப. இந்நேரம் அவங்க அஞ்செட்டில எறங்கி காபி குடிச்சிட்டிருப்பாங்க. சரி விடு, உங்க ஃபேக்டரி பிரதாப் ஒரு ஆப்பு குடுத்தானே, மேடு பள்ளமெல்லாம் காட்டும்னு, அதத் தொற.

— அதத்தான் மொதல்ல தொறந்தேன். போன் பூரா கோடு கோடா வருது. பத்திரத்துல கைநாட்டு வெச்ச மாதிரி இருக்கு. எது மேடு, எது பள்ளம்னு அவனுக்கே தெரியாதாம்.

— அப்ப உன் ஆளு சொன்ன ஆப்புதான் கதியா?

— மரியாதையா பேசு. மலைல பத்து ஊருக்குப் போயி ஊசி போடற நர்சு அவ. தார் ரோட்டுல யாரு வேணா வருவாங்க, நான் தெனமும் வண்டி ஓட்டற தடத்துல வாங்க பாப்போம்னா. இந்த ஆப்பப் போடுங்கன்னு அவதான் சொன்னா. தடத்தையும் அவளே ஓட்டி, அவளே பதிவு பண்ணி அனுப்பிச்சா. கட்டிக்கப் போறவ அனுப்பிச்சதுல எப்படிடா தப்பு இருக்கும்?

— பெருசு பண்ணிப் பாரு குரு. கோடு பாறையச் சுத்துது. திரும்பப் பாறைக்கே வருது. அங்கயே முடிஞ்சிடுது. பொண்ணு ஊரு நாட்றாம்பாளையம் எங்கயோ கெடக்கு.

— அவ போன்ல சார்ஜ் தீந்திருக்கும்.

— எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான் ஆப்ப நம்பி வண்டிய ஏரிக்குள்ள உட்டாரு. கழுத்தளவு தண்ணி வர்ற வரைக்கும் நேராகச் செல்லவும்னுச்சாம். முங்கினப்புறம், நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டதுன்னுச்சாம். சரி, இவ்ளோ சொல்லுதேன்னு அங்கயே மீன் பண்ணை வெச்சிட்டாரு.

— பொய் சொல்ல இதாடா நேரம்? பொண்ணோட அப்பா முப்பது வருசம் ஸ்கூல் வாட்ச்மேனா இருந்தவரு. பெல் அடிச்சா கேட்ட சாத்தற ஆளு. பாஸ்டருக்கு வேற பன்னெண்டு மணிக்கு அஞ்செட்டில ஜெபக்கூட்டம். பதினொண்ணுக்கு மாப்பிள்ளை வந்து நிக்கலன்னா நிச்சயமும் இல்ல, கல்யாணமும் இல்லன்னு எங்கம்மா முன்னாடியே சொல்லிட்டாரு.

— அப்ப பெனிஷாவுக்கு ஒரு போனப் போடு.

— பாற மேல ஏறிப் பாத்துட்டேன். சிக்னல் ஒரு கோடு வருது, போன எடுத்ததும் போயிடுது.

— குரு, இங்க கெடக்கற யானை லத்தி நாம வந்தப்ப சூடா இருந்துச்சு. இப்ப ஆறிப்போச்சு. அவ்ளோ நேரம் ஆச்சு நாம வந்து.

— வாய மூடு. அங்க பாரு, மாட்ட ஓட்டிக்கிட்டு ஒரு அக்கா வருது. அக்கோவ்! நாட்றாம்பாளையத்துக்கு எப்படிக்கா போவணும்?

— ஏஞ்சாமி, இங்கிருந்து வண்டித் தடமே கெடயாதே. வந்த வழியே ஜவளகிரிக்குத் திரும்பி, தாரு ரோட்டப் புடிச்சி, அஞ்செட்டி மேல சுத்திப் போவணும். ரெண்டு மணி நேரம் ஆவும்.

— ரெண்டு மணி நேரமா! நடந்து போனா?

— யானைய ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போ. அது சரி, பட்டுச் சட்ட போட்டிருக்கற நீதான மாப்ள?

— ஆமாக்கா! எப்படித் தெரியும்?

— நர்சம்மா நேத்து எங்க கொட்டாய்க்கு மாத்திர குடுக்க வந்துச்சி. செல்லிக்கா, நாளைக்கு அந்தப் பாறைகிட்ட ரெண்டு பேரு வண்டில வந்து நிப்பாங்க, பாவம், வெயில்ல வாடிடுவாங்க, எதாச்சும் ஆக்கி எடுத்துக்கிட்டுப் போயிக் குடுன்னிச்சி. களி கிண்டியாந்திருக்கறேன். அவரக்கொட்ட கொழம்பு.

— பாத்தியாடா ஹரீஷ்! நிச்சயத்துக்கு முன்னாடியே எவ்ளோ அக்கறை!

— அக்கறை இருக்கட்டும் குரு. நாம இந்தப் பாறைகிட்ட வந்து நிப்போம்னு அவங்களுக்கு நேத்தே எப்படித் தெரியும்?

— அது... அக்கா, அவ வேற எதாவது சொன்னாளா?

— பதினோரு மணி தாண்டினப்புறம் ரோட்டுல கொண்டு போயி உட்டுடச் சொல்லிச்சி. உக்காரு சாமி, களி ஆறிடப் போவுது. இதுக்கு முன்ன வந்த ரெண்டு மாப்ளைங்களும் அந்தக் கல்லு மேலதான் உக்காந்து சாப்ட்டாங்க.