நீலச்சிறகு வாத்துகள் எழும்பிய காலை

நீலச்சிறகு வாத்துகள் இந்த வருடம் பத்து நாள் பிந்தித்தான் வந்தன. ரஷ்யா பக்கமிருந்து பறந்து வருகிற சீவன்கள், ஐயா. முன்பின் ஆகத்தான் செய்யும். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டக் குளத்தில் நாற்பத்தொன்று எண்ணினேன். விடியுமுன் சுபஹு தொழுதுவிட்டுப் பிளாஸ்க்கோடு கரையில் போய் உட்கார்ந்தால், ஒன்பது மணி வரைக்கும் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நீங்கள் ஸரூக்கைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பதுளையில் என் டயர்க் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறவர். அவர் போட்ட ஒட்டு ஒன்றுகூட விட்டதில்லை. செத்துப்போன தயாபரனின் டியூப்புக்கு ஒட்டுப் போட்டது நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தயாபரன் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவன். வேலை இல்லாத நாட்களில் லொறி டியூப்புக்குக் காற்றடித்து, அதில் உட்கார்ந்து குளத்தில் வலை போடுவான். போட்டதும் தடியால் தண்ணீரைத் தட்டுவான். மீன் மிரண்டு வலைக்குள் போகும். வாத்துகளும் மிரளும். போன வருடம் அவன் தட்டத் தொடங்கி மூன்றாம் நாளே குளம் வெறிச்சோடிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை, கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவனிடம் நல்லபடியாகத்தான் கேட்டேன்.

"தம்பி, பெப்ரவரி வரைக்கும் தட்டாம வலை போடுங்களேன்."

"குளிர் முடிஞ்சா வாத்து ரஷ்யாவுக்குப் போயிரும் மொதலாளி. நாங்க எங்க போறது?" என்று சிரித்தான்.

நல்ல பதில்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவன் மனைவி ஜீவராணி ஓட்டை டியூப்பைக் கடைக்குக் கொண்டுவந்தாள். "நல்லா ஒட்டிக் குடுங்க மொதலாளி, அவருக்கு நீந்தத் தெரியாது" என்றாள். ஸரூக் சாப்பிடப் போயிருந்தார். ஒட்டுப் போடுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. பசை பூசுமுன் ஓட்டையைச் சுற்றி ரப்பரைச் சொரசொரவென்று உரச வேண்டும். உரசாவிட்டாலும் ஒட்டும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் பாரம் ஏறித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறினால் விட்டுவிடும்.

நான் உரசவில்லை.

ஞாயிறு காலை அவன் நடுக்குளத்தில் இருந்தான். தடியை இன்னும் கையில் எடுக்கவில்லை. வாத்துகள் புல் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தன. டியூப் ஒரு பக்கம் சரிந்தது. அவன் என்னைப் பார்த்து, "மொதலாளி" என்றான். மேலே லயத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு சத்தம் போட்டால் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் சத்தம் போட்டால் வாத்துகள் பறந்துவிடும். நான் எழுந்துகூட நிற்கவில்லை.

சாவு வீட்டில் ஜீவராணி என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க கரையிலதானே இருந்தீங்க. அவரு கூப்பிட்டாரா மொதலாளி?"

"இல்ல புள்ள" என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் அவளுக்காகத்தான் சொன்னேன்.

மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை போட்ட சத்தத்தில் நாற்பத்தொன்றும் எழும்பிப் போய்விட்டன. இன்னும் திரும்பவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வாத்துகளை விரட்டியது நான் இல்லை.