அமராவதியின் கோடு

இருந்தவர்கள்: நாஜியா, கோட்டக்குப்பத்துப் பெண், கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். அசோகன், லேப் அட்டெண்டர், மரக்காணத்துக்காரர். அவர் மனைவி அமராவதி சுனாமியில் கடலோடு போய் நாளையோடு ஒரு வருடம். டிசம்பர் 2005, சாயங்காலம்.

— நாலு மிஷினும் செத்துப்போச்சா நாஜியாம்மா?

— சாகலண்ணே, ஹேங் ஆகி நிக்குது. இந்தப் படத்தப் பாருங்க. உப்பளத்துல தண்ணி காயிற கணக்கு. மிஷினுக்கு ஒரு பாத்தி, ஒரு கோடு. பச்சைன்னா வேலை செய்யுது, செவப்புன்னா காத்திருக்குது. சாய்வா போற அம்பு, ஒண்ணு இன்னொண்ணுக்கு அனுப்புற சேதி.

— ரெண்டாவதும் மூணாவதும் ஒரே செவப்பா கெடக்குதே.

— "நீ மொதல்ல சொல்லு"ன்னு ரெண்டும் காத்திருக்குது. நான் எழுதின லட்சணம். புரோகிராமப் படிச்சா தெரியல, வரைஞ்சா தெரியுது.

— அப்ப எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடு. நாளைக்கு வருஷத் திதி. அவ தம்பி அர்ச்சுனன் வந்து நிப்பான். வாசப்படி ஏற விடமாட்டேன். ஏன்னு கேக்குறவங்களுக்குக் காட்டணும்.

— என்னண்ணே நடந்துச்சு?

— மொதத் தண்ணி முட்டி அளவுதான் வந்துச்சு. அவ உப்பு ஷெட்டுல வேலைக்குப் போயிருந்தா. "அக்காவ ஷெட்லயே இருக்கச் சொல்லு, நான் வண்டி எடுத்தாறேன். சொல்லிட்டு ஓடியா, வண்டியத் தள்ளணும்"னு அவன அனுப்பினேன். அவன் போகவே இல்ல. "பயந்து பாதியில திரும்பிட்டேன் மாமா"ன்னு அவனே சொன்னான். ஷெட்டுல ஒத்தையில வுட்டுட்டான் அவள.

— சரி, மூணு கோடு. உங்ககிட்டேர்ந்து அவருக்கு ஒரு அம்பு. அத்தோட நின்னுடுச்சு. அமராவதி அக்கா கோட்டுக்கு எதுவும் வரல. ஷெட்டுல இருந்த மத்த பொம்பளைங்க ஓடினாங்கல்ல, அக்கா மட்டும் ஏன் ஓடல?

— கூட வேலை பாத்த லூர்துமேரி அவ கையப் புடிச்சு இழுத்திருக்கா. "வூட்டுக்காரரு வண்டி எடுத்தாறாரு, நீ போ"ன்னுட்டாளாம்.

— அவங்களுக்கு எப்படித் தெரியும்ணே?

— எது?

— வண்டி சங்கதி. இந்தக் கோட்டுக்குத்தான் ஒரு அம்பும் வரலையே.

— நான் அவன் ஒருத்தன்கிட்டதான சொல்லி அனுப்பினேன்.

— அண்ணே?

— அந்த அம்ப இழு பாப்பா. அவன்கிட்டேர்ந்து அவளுக்கு.

— அப்ப போயிருக்காரு. போகலன்னு ஏன் சொன்னாரு?

— போனேன்னு சொல்லியிருந்தா, அவள உக்கார வச்சது யாருன்னு நான் அன்னைக்கே என்னையே கேட்டிருப்பேன்.

— யா அல்லா.

— ஒரு வருஷமா நடுத்தெருவுல வச்சு அவனக் காறித் துப்புறேன். தொடச்சுக்கிட்டுப் போறான்.

— அழாதீங்கண்ணே.

— அழல. வெளிய வாம்மா, பூட்டணும்.

— பூட்டியாச்சுண்ணே. எவ்ளோ நேரமா பூட்டையே இழுத்துக்கிட்டு இருக்கீங்க, விடுங்க.