வலது தோள்

டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் சற்றுத் தூக்கல். நிதானமாகவே சொல்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் இந்த ஊரைப் படம் எடுத்து வருகிறேன். பள்ளி விளையாட்டு விழா, நூலகத் திறப்பு, வெள்ளம் புகுந்த தெரு, எதையும் விட்டதில்லை. என் படங்களில் கோடு கோணாது, ஒருவர் தலையும் வெட்டுப்படாது. ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் கேமராவைத் தூக்கினாலே பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்வார்கள்.

என் மனைவியின் தம்பி தையற்காரன். என் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவன், ஒரு நாள் "அத்தான், நானும் ஒண்ணு எடுத்துப் பாக்கட்டுமா?" என்றான். நான்தான் கற்றுக்கொடுத்தேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. கோணல்மாணலாகத்தான் எடுப்பான். ஆனால் கடையில் அளவெடுக்கும்போது வாயடிப்பதுபோல் ஏதாவது பேசிக்கொண்டே எடுப்பான், சிடுமூஞ்சி தபால்காரர்கூடச் சிரித்துவிடுவார். எங்கள் ஊர்ப் புகைப்பட மன்றத்தின் போன கண்காட்சியில் அவன் படங்கள் முன்வாசலில், என்னுடையவை மாடிப்படிக்குக் கீழே.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் எடுத்த மனைவியின் படம் ஒன்று எங்கள் கூடத்தில் பத்தொன்பது வருஷமாகத் தொங்கியது. ஒரு மாலை வேலை முடிந்து வந்தால், அதே ஆணியில் அவன் எடுத்த படம். துணி உலர்த்தியபடி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"பழசு எங்க?" என்றேன்.

"பரண்ல போட்டிருக்கேங்க. அதுல யாருக்கோ பயந்த மாதிரி நிக்கிறேன். தம்பி எடுத்ததுலதான் நான் நானா இருக்கேன்."

குத்திக்காட்ட வேண்டுமென்று அவள் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் பார்த்து அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

இனி அந்தச் சைக்கிள் பந்தயம். அவன் இடது கண்ணால் பார்த்து எடுப்பவன். கேமரா வலது கண்ணை மறைத்துவிடும், அந்தப் பக்கம் யானை வந்தாலும் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் அவன் வலப்பக்கம் நிற்பேன். ஏதாவது வந்தால் தோளில் ஒரு தட்டு. ஏன் என்றுகூடக் கேட்காமல் விலகிவிடுவான். அன்றும் வளைவில் நடுரோட்டில் மண்டியிட்டு, "பாத்துக்கங்க அத்தான்" என்றான்.

"நீ எடுடா, நான் இருக்கேன்ல" என்றேன்.

இடப்பக்கம் சைக்கிள்கள் வந்தன. ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. வலப்பக்கம் தண்ணீர் லாரி பின்னோக்கி நகரத் தொடங்கியது. ஓட்டுநர்மேல் குற்றமில்லை, அவரை விட்டுவிடுங்கள். மண்டியிட்டிருந்தவன் அவர் கண்ணில் பட்டிருக்க வழியில்லை.

தட்ட நேரமில்லை என்று நேற்று இதே ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். அது பொய். என் கேமராவை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள், எப்படியும் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் நான் எடுத்தவை பதினோரு படங்கள். முதல் படத்தில் லாரி மின்கம்பத்தருகே, முப்பது அடி தள்ளி இருக்கிறது. எட்டாவதில்கூட நேரம் இருந்தது. அவனும் லாரியும் ஒன்றாக அடங்க வேண்டும் என்று நான்தான் ஓரமாக நாலடி பின்னால் போனேன். அவன் சாக வேண்டும் என்றுதான் போனேன்.

கடைசி மூன்றை என் மனைவிக்குக் காட்டாதீர்கள், தாங்க மாட்டாள். முதல் படத்தை மட்டும் கொடுங்கள். கேமராவுக்குக் கீழே அவன் வாய் சிரிக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்ற தைரியத்தில். இத்தனை வருஷத்தில் என் படத்தில் ஒருவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை. அதைக் கூடத்து ஆணியில் மாட்டச் சொல்லுங்கள், ஐயா. அவளுக்குப் பிடிக்கும்.