குனிந்த வண்டி

ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மச்சானும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நம்ம பழைய பிக்கப் வண்டி ஒசரத்த ஒரு சாண் எறக்கிப்புட்டேன் மச்சான். ஸ்பிரிங் பட்டையப் பட்டறையில காய வச்சுத் தட்டையா அடிச்சாச்சு" என்றார் இளையவர்.

மூத்தவர் பதறிப்போனார். "ஏ மாப்ள, கிறுக்கா புடிச்சிருக்கு? இனிமே அது தக்காளி லோடு தாங்குமாடா? சோறு போடுற வண்டிடா!"

"என்ன செய்ய? தார் மேல தார் போட்டு ரோடு ஒசந்துபோச்சு. தேர்பவனிக்கு மாதா சுரூபத்த வண்டியில வச்சா, தலையில இருக்க கிரீட முடி ஊர் வாசல் வளைவுல இடிக்குது. ஊர்க்காரங்க முடியக் கழட்டிருங்கன்றாங்கெ."

"அட ஆண்டவரே! மாதா முடியவா?"

"அதான் வண்டியக் குனிய வச்சேன். நேத்து மாதா முடியோடதான் போச்சு. வேகத்தடையில வண்டி வயிறு தட்டி, தெருவே சேந்து தூக்கிவிட்டுச்சு."

"வளைவ இடிச்சு ஒசத்திக் கட்டச் சொல்லியிருக்கலாமேடா?"

இளையவர் சன்னல் பக்கம் பார்த்தார். "செத்துப்போன ஒங்க ஐயா பேரு எழுதுன வளைவு மச்சான். எனக்கு வாய் வரல."

மூத்தவர் துண்டால் முகத்தை மெல்லத் துடைத்துக்கொண்டார். அதற்குள் நான் மனதுக்குள் மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டேன்.

"நாளைக்குக் கொத்தனாரோட வாரேன்" என்றார் மூத்தவர். "வளைவ நான் ஒசத்துறேன். வண்டிய நீ ஒசத்து."