யார் ஜெயித்தார் என்று இன்னும் சொல்லாத வேம்பு அம்மையாருக்கு

அரியலூர் மழலைக் கல்வி ஆய்வு நிலையத்தின் தலைவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, 1986 மே மாத இறுதி நாளாகிய இன்று ஓய்வு பெறும் திருமதி வேம்பு அம்மையார் அவர்களுக்கு, நிலையப் பணியாளர்கள் அனைவரும் கூடி, அவையறியப் படித்து, அன்போடு அளிக்கும் பாராட்டு மடல்.

மழலையர் மனமறிந்த மாண்பே! மானியம் தேடி மாவட்டமெல்லாம் நடந்தும் மலைக்காத மனமே! கல்லுடைப்போர் கண்மணிகளுக்குக் கதவு திறந்த கனிவே! பெயரிலே கசப்பும், பேச்சிலே கண்டிப்பும், பையிலே எப்போதும் பொட்டுக்கடலையும் வைத்திருக்கும் பெருந்தகையே! வணக்கம்.

இதற்கு மேல் ‘ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவரே’ என்று எழுதத்தான் பேனா துடித்தது. எழுதினால் விடுவீர்களா? “ஒப்பார் இல்லைன்னு எப்படித் தெரியும்? யாரோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?” என்று மேடையிலேயே கேட்பீர்கள். அதோடு, முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று போன வாரமே எச்சரித்தும் விட்டீர்கள். ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டோம். வேம்பு அம்மையார் என்று வேறு ஒருவர் இருந்தார். அவர் கதையை நாங்கள் சொல்கிறோம். நீங்கள் அதைக் கேட்க வந்த விருந்தாளி. கதை முடியும்வரை விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது.

அந்த அம்மையார் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் கூலி வேலை செய்து பிழைத்த வீட்டில் பிறந்தவர். படித்து, பெரம்பலூரில் ஆசிரியப் பயிற்சி தருபவராக இருந்தார். அங்கே ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்புக்கல் குழிகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேருகிறார்கள். இரண்டாம் வகுப்பு வருவதற்குள் பாதிப் பேரைக் காணோம். பள்ளிக்கு வரும்வரை அவர்கள் வளர்வது குழி ஓரத்தில், அம்மா கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கிடைத்த நிழலில். கால் தவறி உள்ளே விழுந்த பிள்ளைகளும் உண்டு. மூன்று வயதிலேயே அவர்களை அங்கிருந்து அழைத்து வந்து, பேசி, பாடி, விளையாட வைத்தால், பிறகு பள்ளியில் நிலைப்பார்களா? நிலைப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், ‘அது தெரிஞ்சதுதானே’ என்றார்கள். தெரிந்துகொள்ள ஆய்வு வேண்டும், ஆய்வுக்குப் பணம் வேண்டும்.

அன்று தொடங்கியது அலைச்சல். இந்த நிலையத்தின் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து அவர் ஏறாத படி இல்லை, கேட்காத ஆள் இல்லை. பெரம்பலூரில் ஓர் அதிகாரி, “அடுத்த வருசம் பாக்கலாம்மா” என்றார். அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஓர் ஆலை மேலாளர் நல்ல மனிதர், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று பத்து மூட்டை சிமெண்ட் கொடுத்தார். ஒரு பாதிரியார் பெஞ்சு கொடுத்தார். ஒரு பிரமுகர் சட்டம் போட்ட தம்முடைய படத்தையே கொடுத்தார். “கட்டடம்னு கேட்டா குடுக்கறாங்க, கல்வெட்டுல பேரு வரும். கேள்விக்குக் கேட்டா யாரு குடுப்பா? கேள்வியில பேரு வெட்ட எடம் ஏது?” என்று அம்மையார் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

கடைசியில் டெல்லியில் ஓர் அறக்கட்டளை மூன்று ஆண்டுகளுக்கு மானியம் தர இசைந்தது. அவர்கள் வைத்த நிபந்தனை நியாயமானதுதான். ஓர் ஊரில் பாலவாடி நடத்த வேண்டும். அதே போன்ற இன்னோர் ஊரில் ஒன்றும் செய்யாமல் பிள்ளைகளைச் சோதித்து மட்டும் பார்க்க வேண்டும். முடிவில் இரண்டு ஊரையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் மானியம் தொடரும், தெரியாவிட்டால் நின்றுவிடும். பாலவாடிக்கு ஓடையூரையும், ஒப்பீட்டுக்கு வெள்ளக்குளத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் ஒரே வேலை, ஒரே கூலி, நடுவே ஒரே ஓடை. புத்தகத்தில் போட்டிருந்தபடியே பொருத்தமான ஊர்கள்.

புத்தகத்தில் போடாத சங்கதி ஒன்று இருந்தது. இரண்டு ஊருக்கும் மாரியம்மன் கோயில் ஒன்றுதான். முதல் மரியாதை யாருக்கு என்று ஆண்டுதோறும் திருவிழாவில் அடிதடி வரும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் வேறு, கேட்கவா வேண்டும்? அம்மையாரோ யாரிடமும் எதையும் மறைத்துப் பழகாதவர். வெள்ளக்குளத்துத் தாய்மாரைக் கூட்டி உட்கார வைத்து, “மூணு வருசம் கழிச்சு ஓடையூருப் பிள்ளைங்களையும் உங்க பிள்ளைங்களையும் ஒப்பிட்டுப் பாக்கப் போறோம்” என்று விளக்கமாகச் சொன்னார். கூட்டத்திலிருந்து பொன்னாயி என்பவர் எழுந்தார். கல் சுமக்கிறவர், வாய்க்கும் கைக்கும் வஞ்சனை இல்லாதவர்.

“அவளுவ ஊருக்கு மட்டும் டீச்சரு, பொம்மை எல்லாம் உண்டு. எங்களுக்கு ஒண்ணும் கெடையாது. ஆனா போட்டி மட்டும் உண்டு. அப்படித்தானங்க?”

“போட்டி இல்ல பொன்னாயி, ஒப்பீடு.”

“ரெண்டு ஊரு புள்ளையையும் நிக்க வச்சு யாரு ஒசத்தின்னு பாத்தா அதுக்குப் பேரு எங்க ஊர்ல போட்டிதாங்க” என்றார் பொன்னாயி.

அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை. ஓடையூரில் சின்னம்மாள் டீச்சர் பாலவாடியைக் கண்ணும் கருத்துமாக நடத்தினார். வெள்ளக்குளத்தில் நாங்கள் போய்ச் சோதனை மட்டும் செய்தோம். வண்ணக் கட்டைகளை அடுக்கச் சொல்வது, படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது, ஒரு கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, இவ்வளவுதான் சோதனை. தாய்மார் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது போதும் அவர்களுக்கு! குழியிலிருந்து சின்னச் சின்னக் கற்களை மடியில் கட்டி வந்தார்கள். செங்கல் பொடியிலும் மஞ்சளிலும் சாயம் ஏற்றினார்கள். கஞ்சி குடிக்கும் நேரத்தில் பிள்ளைகளை அடுக்கச் சொன்னார்கள். ஒரு கதை சொல்லி, “எங்க, நீ சொல்லு” என்றார்கள். சோதனைக்கு என்று தொடங்கியது, நாளாக ஆக அவர்களுக்கே பிடித்துப்போனது.

மூன்றாம் ஆண்டு முடிவில் டெல்லி அதிகாரி வந்து சோதனையில் கூடவே உட்கார்ந்தார். ஓடையூர்ப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். மறுநாள் வெள்ளக்குளத்துப் பிள்ளைகளும் நன்றாகவே செய்தார்கள். ஒரு பெண் குழந்தை கட்டைகளை எல்லாம் அடுக்கி முடித்துவிட்டு, “அவ்வளவுதானா? இன்னும் கல்லு இல்லியா?” என்று அதிகாரியையே கேட்டது. அதற்கு அவர் சிரித்தார். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபின் சிரிப்பு போய்விட்டது. உங்கள் பாலவாடியால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே அம்மா என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது, அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அறிக்கை எழுத இன்னும் சில வாரம் இருந்தது. எங்கள் உதவியாளர் ராசாங்கம் ஒரு யோசனை சொன்னார். “அம்மா, வெள்ளக்குளத்தை விட்டுருவோம். அங்க தாய்மாரே சொல்லிக் குடுத்துட்டாங்க, சோதனை கெட்டுப்போச்சு. வேற ஒரு ஊரைப் பாத்து வச்சிக்கிட்டா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். பொய்யும் இல்ல.”

அம்மையாருக்கும் ஆசையாகத்தான் இருந்தது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அவர் கண் முன்னால் நின்றது ஓடையூர்ப் பாலவாடி. மானியம் நின்றால் அதற்குப் பூட்டு. பூட்டினால் அத்தனை பிள்ளைகளும் திரும்பக் குழி ஓரத்துக்கு.

“வேலிக்கு ஓணான் சாட்சிங்கற மாதிரி, நமக்குத் தோதா ஊரைத் தேடிப் பிடிச்சு வைக்கவா இவ்வளவு அலைஞ்சோம், ராசாங்கம்?” என்றார். “கேள்வி கேட்டது நாம. பதில் புடிக்கலன்னு மாத்தக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதிரு.”

எழுதினோம். மானியம் நின்றது. செய்தி வந்த அன்று வெள்ளக்குளத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். நாங்கள் பார்க்காதது போல இருந்தோம். அதற்குமுன் ஊர் எல்லையில் பொன்னாயி ஓடி வந்து, “யாரு செயிச்சா டீச்சரம்மா?” என்று கேட்டிருந்தார். டீச்சர் இல்லாமலே ஈடுகொடுத்த வெள்ளக்குளம்தான் என்று சொன்னால் இவர்கள் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஓடையூர்க்காரர்கள் ரோஷப்பட்டுப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அந்த நிலையிலும் அம்மையாருக்கு இது தோன்றியிருக்கிறது. “ஆய்வு இன்னும் முடியலம்மா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

பாலவாடி மூடப்போகும் செய்தி ஓடையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வாரமே பொன்னாயி நாலு பெண்களோடு நிலையத்துக்கு வந்து நின்றார். “அவளுவ கடையை மூடிட்டா நாங்க யாரோட மல்லுக்கட்டறது? ஆய்வு முடியலன்னு நீங்கதான சொன்னீங்க?” என்று சண்டைக்கு வந்தார். கையோடு சோளம் கொண்டுவந்திருந்தார்கள், சம்பளம் நின்றாலும் பாலவாடியை நடத்தட்டும் என்று சின்னம்மாள் டீச்சர் வீட்டுக்கு. அதைக் கேள்விப்பட்ட ஓடையூர்ப் பெண்கள், வெள்ளக்குளத்தாள் கொடுத்து நம் டீச்சர் சாப்பிடுவதா என்று தாங்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சம்பளம் இல்லாத அந்த ஓராண்டில்தான் தான் ஒரு சுற்றுப் பருத்ததாகச் சின்னம்மாள் இன்றும் சொல்கிறார்.

அம்மையார் அப்போதுதான் தம் அறிக்கையைத் தாமே மறுபடி படித்தார். பாலவாடி தோற்கவில்லை. டீச்சர் இல்லாத ஊரில் தாய்மாரே டீச்சராகி இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியே இதுதான், எது அவர்களை அப்படி ஆக்கியது? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மீண்டும் படியேறினார். மறுபடி அதே பதில்கள், மறுபடி சிமெண்ட் மூட்டைகள். 1980இல் சென்னையில் ஒரு கல்வி அறக்கட்டளை அவரை நேரில் வரச் சொன்னது. ரயிலேறிப் போனார். ‘இந்தத் திட்டத்தில் உங்கள் ஒப்பீட்டு ஊர் எது?’ என்று அங்கிருந்த அம்மாள் கேட்டார். “ரெண்டு ஊரும் ஒண்ணுக்கொண்ணு ஒப்பீடுதாங்க. ரெண்டும் விட்டுக் குடுக்காது” என்றார் நம் அம்மையார். மானியம் வந்தது. இரண்டு ஊருக்கும் பாலவாடி வந்தது, தாய்மாருக்குத் தனி வகுப்பும் வந்தது. அதன் பிறகு பெரம்பலூர்ப் பக்கமும் ஜெயங்கொண்டம் பக்கமும் ஊர்களைச் சேர்த்தபோது நாங்கள் முதலில் விசாரித்தது, பக்கத்து ஊரோடு திருவிழாத் தகராறு உண்டா என்பதைத்தான்.

விருந்தாளியாய் வீற்றிருக்கும் அம்மா! கதை முடிந்தது, இனி உங்களிடமே பேசுகிறோம். சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில் சுருண்டு கிடந்த சிறார், சுவடி சுமந்து சாலை வழி செல்லும் காட்சியை எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். முதல் சோதனையில் கட்டை அடுக்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பிடிக்காத பதிலையும் பிழையின்றி எழுதப் பழக்கினீர்கள். கேட்டுக் கிடைக்காதபோது கூசாமல் மறுபடி கேட்கப் பழக்கினீர்கள். உங்கள் கண்டிப்பைத் திட்டியிருக்கிறோம். நாளை முதல் அதற்காகவே ஏங்குவோம். மூட்டுவலி விடைபெற்றுப் போக, உண்ட உணவு செரிக்க, படுத்த உடனே தூக்கம் வர, எந்த அலுவலக வாசலிலும் காத்திருக்க வேண்டாத நீண்ட நாட்கள் உங்களுக்கு அமையட்டும் என்று மாரியம்மனையும் ஏலாக்குறிச்சி மாதாவையும் சேர்த்தே வேண்டுகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. இதோ மண்டபத்தில் இடப்பக்கம் ஓடையூர்ப் பெண்களும் வலப்பக்கம் வெள்ளக்குளத்துப் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு மாலை போட மட்டும் அவர்கள் வரவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பொன்னாயி எங்களைப் பிடித்துக்கொண்டார். “டீச்சரம்மாதான் வேலைய விட்டுப் போறாங்களே. இன்னிக்காச்சும் யாரு செயிச்சான்னு சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க” என்றார். எதிர்ப்பக்கத்தில் சின்னம்மாளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா, நீங்கள் மாலையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். பதில் சொல்லும் பொறுப்பை இன்று முதல் நாங்கள் ஏற்கிறோம். ஓடையூர்த் தாய்மாரே, வெள்ளக்குளத்துத் தாய்மாரே, கேளுங்கள்: ஆய்வு இன்னும் முடியவில்லை.

இங்ஙனம்,
உங்களிடம் கேட்கக் கற்றுக்கொண்ட
நிலையப் பணியாளர்கள்,
அரியலூர்.