மாமெர்கஸின் வலது கை

கஞ்சி ஆறினால் கட்டி தட்டிவிடும், பூசாரி ஐயா. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் மடியில் இருக்கிற அந்த மூன்று எலும்புகளும் எங்கும் ஓடிவிடாது.

மாமெர்கஸ் சிலைக்குப் பீடம் கட்ட, கோட்டை வாசலுக்கு உட்புறம் குழி தோண்டியபோது அகப்பட்டதாகச் சொல்கிறீர்கள். விரல் எலும்புகள்தான். என் அண்ணன் மாமெர்கஸினுடையவை. இருபது வருடம் முன்பே யாராவது கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த ரோமில் கேள்வி கேட்க யாருக்குத் தெரியும்? பாட்டுக் கட்டத்தான் தெரியும்.

அந்தப் பாட்டு உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். பகையாளிகளான சபீனர்கள் படையெடுத்து வந்தார்களாம், மாமெர்கஸ் தனி ஆளாக வாசலுக்கு வெளியே நின்று நான்கு பேரை வெட்டிச் சாய்த்தானாம், ஊர் பிழைத்ததாம். விருந்துக்கு விருந்து இதைப் பாடி, குடித்துவிட்டு மூக்கைச் சிந்துகிறார்கள். அவன் ஏன் வெளியே நின்றான் என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

அவனைப் பற்றி என்ன சொல்ல? காட்டுப்பன்றியைக் குத்தியது நான்கு பேராக இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வருவது அவனாக இருக்கும். நான் வாசற்காவலன். என் கன்னத்தைக் கிள்ளி, "எந் தம்பி இல்லன்னா இந்தக் கதவு எந்திரிச்சு ஓடிப்போயிடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அரசரும் சிரித்தார். தமக்குப் பின் இவன்தான் என்று அவர் மனத்தில் முடிவு செய்திருந்த சமயம் அது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆட்டுமந்தைக்கு எந்தக் கிடா முன்னால் போனால் என்ன.

அன்று நடுப்பகல். சபீனர்கள் வருகிறார்கள் என்று ஆட்கள் எல்லோரும் குன்றின் மேலிருந்த அரணுக்குப் போய்விட்டார்கள். வாசலில் நான் மட்டும்தான். மாமெர்கஸ் வெளியிலிருந்து ஓடிவந்து கதவை இடித்தான்.

"டேய் வொலேரோ, கதவத் திறடா. பின்னாடியே வர்றானுங்க."

"எத்தன பேருண்ணே?"

"ஏழெட்டுப் பேரு. கதை கேட்டுக்கிட்டு நிக்காத, திற."

"அரசர் உத்தரவு வேணும்ணே. அப்புறம் கதவு எந்திரிச்சு ஓடிப்போயிட்டா?"

கதவை இன்னொரு முறை இடித்தான். பிறகு சிரித்தான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

"சரிடா, தப்புதான். இனிமே அப்படிச் சொல்லல. திறடா தம்பி."

மன்னிப்புக் கேட்கிறவன் சிரிக்க மாட்டான். நான் தாழ்ப்பாளைத் தொடவில்லை. அவன் மதிலில் ஏறத் தொடங்கினான்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். வாசல் மனிதருக்கு, மதில் தெய்வத்துக்கு; அதை ஏறிக் கடப்பது தெய்வக் குற்றம். கலப்பையால் ஊருக்கு எல்லை கீறியபோது, வாசல் வரும் இடத்தில் மட்டும் கலப்பையைத் தூக்கிப் பிடித்தார்கள் என்று நீங்களேதான் ஒவ்வொரு வருடமும் ஓதுகிறீர்கள். மதிலைத் தாண்டியவனைக் கூடப்பிறந்தவன் என்றும் பாராமல், இந்த ஊரை உண்டாக்கிய ரோமுலஸ் கொன்றார். அவரைத் தெய்வம் என்று கும்பிடுகிறோம். நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. அவன் வலது கை மதில் விளிம்பைப் பிடித்தது. மண்வெட்டி பக்கத்தில் இருந்தது. விரல்களில் ஒரே ஒரு வெட்டு. மற்றதெல்லாம் உயரம் செய்த வேலை.

விழுந்ததில் அவன் கால் முறிந்தது. நடக்க முடியாதவன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இடது கையில் வாளை எடுத்துக்கொண்டான். வேறென்ன செய்வான்? கதவுக்கு இந்தப் பக்கம் நானும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வந்தவர்களில் நான்கு பேர் விழுந்த சத்தம் கேட்டது. மிச்சப் பேர் ஓடிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகும் அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான். வெயில் தாழும்வரை தட்டினான், பிறகு நின்றுவிட்டது. எனக்கோ உத்தரவு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். நான் கதவைத் திறந்திருந்தால் அவன் தப்பி ஓடிவந்தவர்களில் ஒருவன். பாட்டு ஏது, சிலை ஏது? உங்கள் மாவீரனைச் செய்து கொடுத்தவன் நான். ஒருவரும் எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. விரல்கள் போனதையும் சபீனன் வெட்டியது என்று ஊரே தீர்மானித்துக்கொண்டது.

சிதை மூட்டுமுன் இறந்தவனின் விரல் ஒன்றை உறவுக்காரன் அறுத்து மண்ணில் புதைக்க வேண்டும் அல்லவா? கத்தியை என்னிடம்தான் கொடுத்தார்கள். மனம் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எப்பேர்ப்பட்ட பாசம்யா இவனுக்கு" என்று அரசர் என் தோளைத் தட்டினார்.

அவர் சொன்னதில் தவறில்லை, ஐயா. உள்ளே விழுந்த விரல்களை அன்று மாலையே, கதவைத் திறப்பதற்கு முன்பே, நான் முறைப்படி புதைத்திருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு விரல்தான். என் அண்ணனுக்கு மூன்று. எந்தத் தம்பி இவ்வளவு செய்வான்?